டெட்ராய்டில் நிற்கும் அந்த வெள்ளை வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: ஏரிக்கரைக்காரி, நோவை

மிச்சிகன் நண்பர்களுக்கு வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

போன மாதம் மகள் வற்புறுத்தியதால் உட்வர்டு அவென்யூவில் இருக்கும் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அதை ஒட்டிய திறந்த மனையில் ஒரு வெள்ளை வீடு நிற்கிறது. மாடி இல்லை. வெள்ளைப் பலகை பதித்த சுவர், ஒரு வாசல், சில ஜன்னல்கள், அவ்வளவுதான். மைக் கெல்லி என்ற கலைஞர் தாம் வளர்ந்த வீட்டைப் போலவே அதே அளவில் கட்டச் செய்தது, பெயர் 'மொபைல் ஹோம்ஸ்டெட்' என்று மகள் சொன்னாள். நாங்கள் போன நேரத்தில் கதவு பூட்டியிருந்தது. சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

என் கணவருக்குப் பெரிய ஏமாற்றம். "இந்த மாதிரி வீடு வெஸ்ட்லேண்டில் தெருத்தெருவாக இருக்கிறதே, இதை எதற்கு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்?" என்றார். மகள் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அது நம்மைப் பற்றியதுதான், உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் நார்த்வில் பக்கம் புதிதாக வரும் மனைப்பிரிவில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது இருக்கும் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒவ்வொரு கிரகப்பிரவேசத்துக்கும் போய்விட்டு வரும்போது காரில் ஒரு மௌனம் இருக்கும். அதை மகளும் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது.

அவளோடு இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வசதி, அந்தஸ்து பற்றி அது உண்மையில் ஏதாவது சொல்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது?

பதில்: மணல்வீடு, டிராய்

உங்கள் கணவர் கட்சிதான் நான். ஓர் ஊரின் உழைப்பையும் பணத்தையும் பற்றிய கலையைப் பார்க்க வேண்டுமென்றால் அதே உட்வர்டு அவென்யூவில் இன்னும் கொஞ்சம் வடக்கே போய் டெட்ராய்ட் கலைக்கழகத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் சுவரோவியங்களைப் பாருங்கள். 1932, 1933இல் தீட்டிய 27 ஓவியங்கள். செலவை ஏற்றவர் ஃபோர்டு கார் நிறுவனத் தலைவராக இருந்த எட்செல் ஃபோர்டு. ஆனால் சுவர் முழுக்கத் தொழிலாளர்களின் முதுகும் தோளும்தான். யாரும் விளக்க வேண்டியதில்லை, நின்றாலே போதும். விளக்கம் இல்லாமல் நிற்க முடியாத கலை வேலை எனக்கு ஒட்டுவதில்லை.

பதில்: பழைய கான்டன்காரன்

அம்மா, உங்கள் மகள் சொன்னது சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள். நான் கலை படித்தவன் இல்லை. டியர்பார்னில் கார்களின் உடற்கூடு வடிவமைப்பில் உழைத்து ஓய்வு பெற்றவன். அந்த வீட்டின்மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பார்த்தது நிற்கும் வீட்டை. அது நகரும் வீடு. அதன் முன்பகுதி தனியே கழன்று வரும். சக்கரம் பூட்டிச் சாலையில் இழுத்துச் செல்லலாம். முதலில் தயாரானது அந்த முகப்புதான். 2010 செப்டம்பரில் அருங்காட்சியகத்திலிருந்து புறப்பட்டு, மிச்சிகன் அவென்யூ வழியாகவே மேற்கே போய், வெஸ்ட்லேண்டில் கெல்லி வளர்ந்த அசல் வீட்டின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. போன வழிக்கு ஒரு படம், வந்த வழிக்கு ஒரு படம், தொடக்க விழாவுக்கு ஒரு படம் என்று மூன்று படங்கள் எடுத்தார்கள். சாலையோரம் வாழ்பவர்களும் கடை நடத்துபவர்களும் அவற்றில் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். 2012இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சியில் அவை திரையிடப்பட்டன. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் கெல்லி இறந்துவிட்டார். பின்பகுதியோடு சேர்ந்த முழு வீடு 2013 மே மாதம்தான் திறக்கப்பட்டது.

அவர் முதலில் விரும்பியது இந்த நகலை அல்ல. அசல் வீட்டையே விலைக்கு வாங்க முயன்றார். உரிமையாளர் விற்கவில்லை. பிறகுதான் லண்டனைச் சேர்ந்த ஆர்ட்ஏஞ்சல் என்ற கலை அமைப்பின் துணையோடு நகல் கட்டும் எண்ணம் வந்தது.

இனி அந்தச் சாலை. மிச்சிகன் அவென்யூவில் டெட்ராய்ட் மையத்திலிருந்து மேற்கே ஓட்டிப் பாருங்கள். பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து 2024இல் மீண்டும் திறந்த பழைய ரயில் நிலையம் முதலில் வரும். அடுத்து டியர்பார்ன்: ஃபோர்டு தலைமையகம், அரபு அமெரிக்க அருங்காட்சியகம். அதைத் தாண்டினால் இங்க்ஸ்டர். ஃபோர்டின் ரூஜ் கார் ஆலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் டியர்பார்னில் சம்பளம் வாங்கலாம், குடியிருக்க முடியாது. அதனால் இங்க்ஸ்டரில் குடியேறினார்கள். 1942 முதல் 1978 வரை டியர்பார்ன் மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்டு அதை வெளிப்படையாகவே கட்டிக்காத்தவர். அப்புறம் வேய்ன். கெல்லி 1954இல் பிறந்தது அங்கேதான். இன்றைக்கும் சாலையோரத்திலேயே கார் ஆலை நிற்கிறது. அதை ஒட்டினாற்போல் வெஸ்ட்லேண்ட். அதற்கும் மேற்கே எங்கள் கான்டன். ஒவ்வொரு படியாக ஏறிப் போகும் வரிசை அது. யார் எந்தப் படியில் நிற்கலாம் என்பதைச் சம்பளம் மட்டும் முடிவு செய்யவில்லை. தோலின் நிறமும் வங்கியும் சேர்ந்து முடிவு செய்தன.

1950இல் டெட்ராய்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 18.5 லட்சம். கெல்லியின் முகப்பு ஊர்வலம் போன 2010இல் அது 7.14 லட்சம். போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், போன திசை புறநகர். கெல்லி ஒரு புறநகர் வீட்டை நகரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து நட்டிருக்கிறார். ஐம்பது, அறுபது வருடங்களாக எல்லோரும் ஒரே திசையில் ஓடிய சாலையில் ஒரு வீடு எதிர்த்திசையில் வந்தது என்பதுதான் எனக்கு இந்த வேலையின் உயிர். உங்கள் கணவர் கேட்ட "இதை எதற்கு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்" என்பது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெஸ்ட்லேண்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு கடைவளாகத்தால். 1965இல் வெஸ்ட்லேண்ட் வளாகம் திறந்தது. பக்கத்து லிவோனியா அந்த நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்ததால், மறு ஆண்டே ஊர்மக்கள் தனி நகரமாகிக் கடையின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அங்கேதான் வாடகைக்கு இருந்தோம். பனிக்காலத்தில் பிள்ளைகளை நடக்க வைக்க அந்த வளாகத்துக்குத்தான் கூட்டிப் போவோம். என் மனைவி எதையும் வாங்க மாட்டாள். துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றின் விலையையும் தாழ்ந்த குரலில் படிப்பாள். அவள் படித்தது துணியின் விலையை அல்ல, நாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை என்று எனக்குத் தோன்றும்.

கெல்லியின் பெற்றோரைப் பாருங்கள். தந்தை பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்புப் பொறுப்பாளர். தாய் ஃபோர்டு நிறுவனத்தில் மேலதிகாரிகள் சாப்பிடும் அறைக்குச் சமைத்தவர். அந்த அதிகாரிகள் வாழ்ந்த பெரிய வீடுகளுக்கும், அவர்களுக்குச் சமைத்துவிட்டு அந்த அம்மாள் திரும்பி வந்த இந்த ஒற்றைத்தள வீட்டுக்கும் நடுவில்தான் கெல்லியின் கலை முழுவதும் நடக்கிறது. 1987இல் ஒரு வேலை செய்தார். பழைய பொருள் கடைகளில் கிடந்த, கையால் பின்னிய பொம்மைகளையும் போர்வைகளையும் வாங்கிப் பெரிய துணியில் நெருக்கமாகத் தைத்துத் தொங்கவிட்டார். எத்தனை அம்மாக்களின் எத்தனை இரவுகள் அதில் இருக்கும்! பணம் கொடுத்து வாங்க முடியாதவர்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்ட பிள்ளை அந்தக் கடனை எப்படி அடைக்கும் என்பதுதான் 'ஒருநாளும் திருப்பிக் கொடுக்க முடியாத அளவு அன்பு நேரங்கள்' என்று பொருள்படும் அந்தப் படைப்பின் பெயரே கேட்பது.

இப்போது முகப்புக்கு வருகிறேன். நான் முதல்முறை போனபோது அந்த வீட்டின் முன்பகுதியும் பின்பகுதியும் சேரும் இடத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன். தொழில் பழக்கம். கார்க் கதவில் இடைவெளிக் கோட்டைத் தடவிப் பார்ப்போமே, அப்படி. தேடும்போது எங்கள் கான்டன் வீடு நினைவுக்கு வந்தது.

நீங்கள் மாதிரி வீடு பார்த்திருப்பீர்கள். கட்டுநரின் விற்பனை மேசையில் உட்கார வைத்து ஆப்ஷன் பட்டியலைக் கொடுப்பார்கள். அடிப்படை விலையில் செங்கல் முன்பக்கத்துக்கு மட்டும். மற்ற மூன்று பக்கமும் வினைல் என்ற பிளாஸ்டிக் பட்டை. நான்கு பக்கமும் செங்கல் வேண்டுமென்றால் தனி விலை. வாசலில் இரண்டு மாடி உயரக் கூடம், அதில் தொங்கும் விளக்கு, தெருவிலிருந்து தெரிகிற மாதிரி வளைவு ஜன்னல். பின்னால் ஏரியோ மரமோ இருந்தால் பிரீமியம் லாட், அதாவது கூடுதல் விலை மனை. நாங்களும் முன்பக்கச் செங்கல்தான் வாங்கினோம். எங்கள் தெருவில் எல்லோரும் அதுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் செங்கல் சட்டென்று முடிந்து வினைல் தொடங்கும். அந்த மூலையில் ஒரு வெள்ளைப் பட்டி, விரல் அகலத்துக்கு. தெருவைப் பார்த்து நிற்பது ஒரு வீடு, குடும்பம் வசிப்பது இன்னொரு வீடு, இரண்டையும் அந்தப் பட்டி ஒட்டவைத்திருக்கிறது. கெல்லி அந்த மூலையைத்தான் பிரித்து, முகப்புக்கு மட்டும் சக்கரம் மாட்டியிருக்கிறார். ஊர் ஊராகப் போவது முகப்புதான், அம்மா. வெஸ்ட்லேண்டிலிருந்து கான்டன், கான்டனிலிருந்து நோவை, நோவையிலிருந்து நார்த்வில் என்று நம் ஆட்கள் நகர்வதும் அதுதான்.

அதற்காக வீடு வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. முகப்பு வேண்டாத மனிதர் யார்? வாடகை வீட்டில் பிறந்து, ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வளர்ந்தவன் நான். சொந்தச் சுவர் என்பதன் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

உள்ளே என்ன என்று கேட்டீர்கள். தரைத்தளம் எல்லோருக்கும் உரியது. அசல் வீட்டின் அறை அமைப்பே அங்கும். அக்கம்பக்கத்து மக்கள் கூட்டம் போட, கண்காட்சி வைக்க, சிறு நிகழ்ச்சி நடத்த அது பயன்பட வேண்டும், முகப்பு ஊருக்குள் போய்ச் சேவை செய்ய வேண்டும் என்று கெல்லி நிபந்தனை வைத்தார். ஆனால் தரைக்குக் கீழே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. ஏணி வழியாகத்தான் இறங்க முடியும், ஜன்னல் கிடையாது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கலைஞர்கள் தனிமையில் வேலை செய்யவும், வெளியே காட்ட விரும்பாததைச் செய்யவும் அந்த இடம்.

நம் புறநகர் வீடுகளில் பேஸ்மென்ட் எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் காலணியைக் கழற்றிய கையோடு கீழேதான் கூட்டிப் போகிறார்கள். திரையரங்கு, மேசைப்பந்து, நவராத்திரியில் ஒன்பது படிக் கொலு, சனிக்கிழமை பாட்டு வகுப்பு. நாம் வெற்றியைக் காட்டும் இடம் பேஸ்மென்ட். கெல்லி அதையே பூட்டிவிட்டார். மேலே எல்லோரும் வரலாம், கீழே யாரும் வரக்கூடாது. புறநகர்க் குடும்பம் ஒன்று தன்னைப் பற்றி எதையெல்லாம் சொல்லாமல் வைத்துக்கொள்கிறது என்று அந்தப் பூட்டு சொல்கிறது. உங்கள் காரில் இருந்த மௌனம் என்று எழுதினீர்களே, அது கீழ்த்தளத்தைச் சேர்ந்தது.

டிராய் நண்பருக்கு ஒரு வார்த்தை. ரிவேரா வேலையை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அது ஆலைக்குள் நடப்பது. ஷிப்ட் முடிந்து அந்தத் தொழிலாளி எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்குத் திரும்பினான் என்று சுவரோவியத்தில் இல்லை. அது கெல்லியிடம் இருக்கிறது.

பதில்: கோலப்பொடி, ஆன் ஆர்பர்

கான்டன் ஐயா எழுதியது அருமை. நான் சிற்பம் படித்தவள், பள்ளியில் கலை ஆசிரியை. ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

கெல்லியின் வீடு வெளியேறியவர்களின் வீடு. வெளியேற முடியாதவர்களின் வீடு எங்கே? 1941இல் டெட்ராய்டின் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரக் கொங்கிரீட் சுவர் ஒன்றைக் கட்டினார்கள். கறுப்பினக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தவருக்கு அரசாங்கக் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் சுவர் எழுப்பியதும் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் அங்கிருந்தவர்கள் அதன்மேல் ஓவியம் தீட்டினார்கள். வீட்டையும் அந்தஸ்தையும் பற்றி மிச்சிகனில் இதைவிட நேரான பொருள் எதுவும் இல்லை என்பேன். எந்தக் கலைஞரும் அதைக் கட்டவில்லை.

கிழக்குப் பகுதியில் ஹைடல்பெர்க் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். டைரீ கைட்டன் என்ற கலைஞர் 1986இல் தாம் வளர்ந்த தெருவிலேயே தொடங்கினார். கைவிடப்பட்ட வீடுகளில் வண்ணப் புள்ளிகள், பொம்மைகள், காலணிகள், பழைய கார்கள். நகராட்சி 1991இலும் 1999இலும் அதில் பலவற்றை இடித்தது. வெள்ளை வீடு அருங்காட்சியகத்தின் நிழலில் பத்திரமாக நிற்கிறது. கைட்டனின் வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் கெல்லியை மட்டும் பேசினால் எனக்கு நெஞ்சு ஒப்பாது.

ஏரிக்கரை அக்கா, உங்கள் மகளுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொன்று. 1974இல் கோர்டன் மட்டா-கிளார்க் என்ற கலைஞர் நியூஜெர்சியின் எங்கிள்வுட்டில், இடிக்கப்போகிற ஒரு புறநகர் வீட்டை இயந்திர ரம்பத்தால் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியின் அடியிலிருந்த கற்களைச் செதுக்கி, ஜாக்கி வைத்து அந்தப் பாதியை மெல்லத் தாழ்த்தினார். வீடு வாய் திறந்தது. உள்ளே மாடிப்படிகளின் குறுக்கே வெளிச்சம் ஒரு கோடாக இறங்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. அதே ஆண்டு ஜூலையில்தான் மிச்சிகனின் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது: டெட்ராய்டுப் பள்ளிகளின் இனப்பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இழுக்க முடியாது என்று. நாம் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது பள்ளி மாவட்டம் எது என்றுதானே? அந்த எல்லைக்கோடு வீட்டு விலையில் ஏறி உட்கார்ந்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

பதில்: கிழக்கு லண்டன் தமிழன்

தூரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மைக்கேல் லேண்டி என்ற கலைஞர் 2004இல் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் பெரிய மண்டபத்துக்குள் இல்ஃபோர்டில் இருந்த தம் பெற்றோரின் வீட்டை அச்சு அசலாகக் கட்டினார். முன்புறம் தனியாக, பின்புறம் தனியாக, நடுவில் வழி. அவருடைய தகப்பனார் சுரங்கம் தோண்டும் தொழிலாளி. 1977இல் விபத்தில் முடமாகி வீட்டோடு இருந்துவிட்டார். அவருடைய அலமாரிச் சாமான்களையும் கருவிகளையும் காட்டும் படங்கள் உள்ளே ஓடின.

நாங்கள் இருக்கும் தெருவில் எல்லாம் அந்த மாதிரி ஒரு சுவரைப் பகிர்ந்து ஒட்டி நிற்கும் வீடுகள்தான். யுத்தத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் இரண்டு வேலை, மூன்று வேலை பார்த்து வாங்கிய வீடுகள். அந்த மண்டபத்தில் நின்றபோது யன்னல் சட்டத்தில் உரிந்திருந்த பெயின்ட் வரை அப்படியே இருந்ததைக் கண்டேன். எங்களுக்கு அது ஏறி வந்த உயரம். அவருக்கு அது அப்பாவின் உடம்பு ஒடுங்கிப்போன இடம். ஒரே வீடு. கான்டன் ஐயா சொல்லும் படிக்கணக்கு இங்கேயும் உண்டு: ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்டு, அதற்கு அப்பால் எசெக்ஸ்.

ஏரிக்கரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை மகளிடம் காட்டினேன். செங்கல் முடிகிற மூலையைப் பற்றிப் படித்ததும் எழுந்து வெளியே போய் எங்கள் வீட்டு மூலையைப் பார்த்துவிட்டு வந்தாள். கணவரும் பின்னாலேயே போனார். இருவரும் அங்கேயே நின்று நெடுநேரம் பேசினார்கள். ஆசிரியை சொன்ன பள்ளி மாவட்ட விஷயம் எனக்கு உறைத்தது. நாங்கள் நார்த்வில் பார்ப்பதற்கு முதல் காரணமே அதுதான். ஆனால் ஏற்கெனவே நல்ல பள்ளி உள்ள ஊரில்தான் இருக்கிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுபடி போகலாம் என்று மகள் சொல்கிறாள், இந்த முறை அவள் அப்பாவும் வருகிறார். உள்ளே நுழைய என்ன செய்ய வேண்டும்? கீழ்த்தளத்தை ஒரு தடவையாவது காட்டுவார்களா?

பழைய கான்டன்காரன்:

தரைத்தளத்தில் கண்காட்சியோ நிகழ்ச்சியோ இருக்கும் நாட்களில்தான் கதவு திறந்திருக்கும். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கீழ்த்தளத்தைக் கேட்காதீர்கள், காட்ட மாட்டார்கள். காட்டாமல் இருப்பதும் அந்த வேலையின் ஒரு பாகம்.

கோலப்பொடி சொன்ன மனத்தாங்கல் நியாயமானது, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கெல்லியே இந்த வேலை பொதுமக்களுக்குப் பயன்படும் என்று பெரிதாக நம்பியவர் அல்ல. பொது இடத்தில் வைக்கும் கலை தோற்றுத்தான் போகும் என்று இதைப் பற்றி எழுதும்போதே எழுதினார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு குடும்பம் தன் வீட்டு மூலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது என்றால் அந்த வேலை தோற்கவில்லை.

போகும்போது நெடுஞ்சாலையில் போகாதீர்கள். நோவையிலிருந்து தெற்கே இறங்கி வெஸ்ட்லேண்ட் வந்து, அங்கிருந்து மிச்சிகன் அவென்யூவைப் பிடித்துக் கிழக்கே ஓட்டுங்கள். சிக்னல்கள் அதிகம், நேரம் கூடத்தான் ஆகும். வேய்னில் ஆலையைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் இறங்க முடிந்தால் ஹென்றி ஃபோர்டு பிறந்த வீட்டைப் பாருங்கள். அது பிறந்த இடத்தில் இல்லை, 1944இல் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்தது. ரைட் சகோதரர்களின் வீட்டையும் சைக்கிள் கடையையும் ஒஹாயோவிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தார் ஃபோர்டு. பெரிய மனிதர்களின் வீடுகளை இந்த ஊரில் ரொம்ப நாளாகவே நகர்த்தி வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, பள்ளிப் பராமரிப்பாளரும் சமையல்கார அம்மாளும் வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். மகளை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

டியர்பார்னில் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல லெபனான் கடைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை என்றால் சீக்கிரம் போய்விடுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் இடம் கிடைக்காது.